அக்கா பார்த்துச் சொன்ன சீன ஜாடி

கார்த்திகை பத்தாம் தேதி, வியாழக்கிழமை. அக்கா வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, கோலம் போட்டு, எல்லோருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். மதியத்துக்கு மேல் விடுப்புச் சொல்லித் திரும்பினார். அன்று அத்தான் வீட்டில் சொத்துப் பிரிக்கும் நாள். நானும் போயிருந்தேன்.

உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. மணமாகிச் சிம்மக்கல்லுக்கு வந்தபின், அருகிலிருந்த பழம்பொருள் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தார். முதலாளிக்குக் கண் மங்கியதும், பீங்கான் சாமான்கள் பழையவையா, பழையவைபோல் செய்தவையா என்று பார்த்துச் சொல்லும் வேலையும் அவரிடம் வந்தது. அவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

அத்தானின் தம்பி, அலமாரியிலிருந்த நீலப்பூ போட்ட சீன ஜாடியை இறக்கி வைத்தார்.

“மதினி, நீங்களே சொல்லுங்க. நெசமாவே பழசுன்னா ஜாடி அண்ணனுக்கு, வீடு எனக்கு. போலின்னா வீட்ட ரெண்டாப் பிரிச்சுக்குவோம். ஊருக்கெல்லாம் சொல்றீக, நம்ம வீட்டுக்குச் சொல்ல மாட்டீகளா?”

அருகில் அக்காவின் மாமியார் உட்கார்ந்திருந்தார். “எங்கய்யா பினாங்குலருந்து மடியிலயே வச்சுக் கொண்டாந்தாரு. ராசா காலத்து ஜாடி. நல்லாப் பாரு தாயி.”

அக்கா ஜாடியை மடியில் கவிழ்த்து, அடி வளையத்தில் விரலை ஓட்டினார். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“பழசுதேன் அத்தை” என்றார்.

“நாஞ் சொன்னேன்ல?” என்று மாமியார் எல்லோரையும் பார்த்தார்.

அதன்பின் கடைசிவரை வில்லாபுரத்தில் வாடகை வீடுதான். மாமியாரும் அக்காவோடுதான் இருந்தார். கப்பலூரில் அத்தான் வேலை பார்த்த கம்பெனி மூடியபோது, “அத வித்துத் தொலைப்போம்டி” என்று அத்தான் கெஞ்சினார். அக்கா அசையவில்லை. “அம்புட்டு விலை போற பொருள வச்சுக்கிட்டு ஒட்டுக்குடித்தனம் இருக்கிறது எங்க மதினி மட்டுந்தேன்” என்று கொழுந்தனார் விசேஷ வீடுகளில் கேலி செய்வார். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். விற்றால், வாங்குகிறவரை ஏமாற்ற வேண்டும். உண்மையைச் சொன்னால், மாமியார் தலைகுனிய வேண்டும். மாமியாரின் காலத்துக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தார். அதற்குள் நோய் வந்துவிட்டது.

மருத்துவமனையில் என்னை அருகே அழைத்தார். “தம்பி, எம் பயலுக அந்த ஜாடிய வித்துப்புடுவானுக. என் சொல்ல நம்பி யாரோ வாங்கிருவாக. எனக்கு நினைவு மலரு போடுவேல்ல? அதுல எழுதிரு.”

எழுதுகிறேன். அந்த ஜாடி பழையதல்ல. காலங்காலமாக வைத்து எடுத்த ஜாடியின் அடி ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தேய்ந்திருக்கும். இது சுற்றிலும் ஒரே சீராக உப்புத்தாளால் தேய்க்கப்பட்டது. பழமைக்காகப் பூசிய பழுப்புக் கறை அன்றே துணியோடு வந்துவிட்டது. யாரும் இதை விலை பேச வேண்டாம். மாமியாரின் தகப்பனார் பொய் சொல்லவில்லை, அவரை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார் அக்கா.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த கடை நண்பர்களுக்கும், கேட்காமலே காரை அனுப்பிவைத்த கொழுந்தனாருக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

ஜாடி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதில் உப்பு இருக்கிறது. உப்பு ஜாடியை எங்கள் வீடுகளில் காலியாக விடுவதில்லை. கவிழ்த்துப் பார்ப்பதும் இல்லை. அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, முதல் வேலையாக அக்கா கல்லுப்பு வாங்கி வந்து ஜாடியின் கழுத்துவரை நிரப்பினார்.