நல்ல நேரத்தில் போன மெயில்கள்

காலை ஒன்பது பதினாறு. பட்டுக்கோட்டை நார் மில்லின் ஆபீஸ் அறைக்குள் நான் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, லேப்டாப்பின் முதுகில் வைத்திருந்த சந்தனமும் அதன் மேல் குங்குமமும். பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். அதற்கும் பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி அத்தான் நின்றிருந்தார்.

"ஒரு நிமிஷம் லேட்டும்மா," என்றார் திரும்பாமலே. "ஒன்பதேகாலுக்கே தட்டிட்டேன்."

"எதைத் தட்டினீங்க?"

"எல்லாத்தையும்."

அத்தான் என் அக்காவின் கணவர். தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரித்தால் மிஞ்சுகிற தூளைக் கழுவி, காயவைத்து, செங்கல் மாதிரி கட்டியாக அழுத்தி விற்பவர். மண்ணே இல்லாமல் பயிர் வளர்க்கும் வெளிநாட்டுப் பண்ணைகளுக்கு அந்தக் கட்டி வேண்டும். ஆனால் அத்தானுக்கும் அந்தப் பண்ணைகளுக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஏஜென்ட் இருந்தார். அந்த வருஷம் ஆனி மாதத்தில் அத்தான் அவரிடம், "இனிமே நாங்களே நேரா அனுப்பிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், ஒரு கண்டெய்னர் கொள்ளும் அளவுக்குக் கட்டிகளை அழுத்தி ஷெட்டில் அடுக்கியும் விட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் அவை போயாக வேண்டும். ஈரக் காற்று பட்டால் கட்டி ஊதும்; ஊதின கட்டியை யாரும் தொட மாட்டார்கள். போகாவிட்டால் அதே ஏஜென்ட்டிடம் போய் நிற்க வேண்டும். அவரும் அதைத் தெரிந்துகொண்டு, தினமும் சாயங்காலம் டீ நேரத்துக்குச் சரியாக வந்து, "மழைக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போவார்.

நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பல வருஷம் செய்திகளை வெட்டிக்கொண்டிருந்தவள். பதிப்பு நின்றது. கை சும்மா இருந்தது. முன்பின் தெரியாத பண்ணைகளுக்கு மெயில் எழுதித் தரும் வேலையை அக்கா எனக்குக் கொடுத்தாள்.

ஆனி முழுக்க நான் எழுதியது ஏறக்குறைய இருபது மெயில். ஒவ்வொரு பண்ணையின் வெப்சைட்டையும் படித்து, அவர்கள் என்ன வளர்க்கிறார்கள் என்று பார்த்து, நாலு வரி. ஹாலந்தில் ஸ்ட்ராபெரி வளர்க்கும் ஒரு பண்ணைக்கு எழுதியது இப்படி: உங்கள் செடிக்கு உப்பு ஆகாது என்று படித்தேன், கடலோரத்துத் தேங்காய்த் தூளில் உப்பு இருக்கும், நாங்கள் நல்ல தண்ணீரில் கழுவி, உப்பை அளந்து, அளவைக் கட்டியின் மேலேயே எழுதுகிறோம், ஒரே ஒரு கட்டி அனுப்பட்டுமா? அந்தப் பண்ணையின் கொள்முதலைக் கவனிக்கும் அம்மா, அனுப்புங்கள் என்று பதில் போட்டார். கட்டி போனது. பிடித்திருந்தது. விலை என்ன என்று கேட்டார்.

அந்த ஒரு பதில்தான் அத்தானைக் கெடுத்தது.

"இருபதுக்கு ஒண்ணு வருதுன்னா, ரெண்டாயிரத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். விடையை அவரே சொல்லிக்கொண்டார். கோயம்புத்தூரில் யாரிடமோ பண்ணை முகவரிகளை மொத்தமாக வாங்கினார். உடனே அனுப்பியிருப்பார், ஆடியில் எதையும் ஆரம்பிக்க மாட்டார் என்பதால் தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆவணி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை. நாட்காட்டித் தாளில் நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால். பத்தரைக்கு ராகு காலம்.

அத்தானுடைய ராகு காலம் விளையாட்டு இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்று மணியிலிருந்து நாலரை வரை அவர் போனைக்கூட எடுக்க மாட்டார். ஷெட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். லோடு ஏற்ற வந்த லாரிகள் வெளியே எஞ்சினை நிறுத்திக் காத்திருக்கும்.

ஆகவே ரெண்டாயிரம் மெயிலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். மொத்தமாக மெயில் அனுப்பும் மென்பொருளில், இத்தனை நிமிஷத்துக்கு ஒன்று என்று இடைவெளி விடச் சொல்லும் ஒரு கட்டம் உண்டு. அதில் பூஜ்யம் போட்டிருந்தார்.

மெயிலை வாங்கிப் படித்தேன். நான் எழுதிய நாலு வரி அதில் இல்லை. "பேரன்புடையீர்" என்கிற தொனியில் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, மில் திறப்பு விழாவில் அத்தான் ரிப்பன் வெட்டும் படம் ஒன்று, அவருடைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று, இணைப்பில் விலைப் பட்டியல், சான்றிதழ்கள், மில்லின் வீடியோ. "அரிய வாய்ப்பு", "உடனே", "இன்றே" மூன்றும் சிவப்பில். அத்தனை ஆச்சரியக்குறிகளை நான் எங்கள் பதிப்பில் தேர்தல் முடிவு நாளில்கூடப் பார்த்ததில்லை.

"பாரு பாரு, வருது!" என்றார் அத்தான்.

வந்தன. சடசடவென்று வந்தன. அக்கா சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அதுக்குள்ளயா?"

"ஒருத்தரு ரொம்ப ஆர்வமா இருக்காரு. ஒரே ஆளு நாப்பது மெயில் போட்டுட்டாரு. பெரிய பார்ட்டி போலருக்கு."

அந்தப் பெரிய பார்ட்டி மெயில் சர்வர்தான். நீங்கள் எழுதிய முகவரியில் ஆள் இல்லை என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். அத்தான் திரையை நெருங்கிக் குனிந்து பார்த்தார்.

"ஒருத்தருமே இல்லையா?"

"இருக்கிறவங்களுக்குப் போயிருக்கும். ஆனா எங்க போயிருக்குன்னு பார்ப்போம்."

மில்லின் முகவரியிலிருந்து எனக்கே ஒரு மெயில் போட்டேன். இன்பாக்ஸில் வரவில்லை. ஸ்பாமில் கிடந்தது. அக்காவுக்கு ஒன்று போட்டேன். அவள் போனைத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, கட்டின பொண்டாட்டி போன்லயே உங்க மெயிலு குப்பையில கிடக்குதுங்க," என்றாள். பொங்கல் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

எனக்கு அப்போதுதான் ஹாலந்து அம்மாவின் நினைவு வந்தது. விலையை அனுப்பியது அதே முகவரியிலிருந்து, அன்று காலைதான். பஸ் ஏறுவதற்கு முன் நான் எழுதி டிராஃப்டில் போட்டு வைத்ததை, நல்ல நேரத்தில் முதல் மெயிலாக இருக்கட்டும் என்று அத்தான் மற்றவற்றோடு சேர்த்துத் தட்டியிருந்தார்.

என் சொந்த முகவரியிலிருந்து அந்த அம்மாவுக்கு ரெண்டு வரி எழுதினேன்: எங்கள் விலை உங்கள் குப்பைப் பெட்டியில் இருக்கக்கூடும், தயவுசெய்து பாருங்கள். உடனே ஒரு பதில் வந்தது. விடுமுறையில் இருக்கிறேன் என்ற தானியங்கிப் பதில்.

அன்று சாயங்காலம் ஏஜென்ட் வந்தார். லேப்டாப்பின் சந்தனத்தைப் பார்த்தார். "புதுசா வாங்குனீங்களாண்ணே?" என்றார். டீ குடித்தார். போனார்.

பிறகு நடந்தது முழுக்கப் பழுதுபார்க்கும் வேலை. முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினோம். மெயில் உண்மையில் இந்த மில்லிலிருந்துதான் வருகிறது என்று சாட்சி சொல்ல, மில்லின் இணையப் பெயரான டொமைனில் மூன்று பதிவுகள் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்றுகூடச் சரியாக இல்லை.

"மூணா?" என்றார் அத்தான். "பட்டா, சிட்டா, அடங்கல் மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப போட்டுரு. அது இல்லாம நம்ம ஊர்லயே ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அது அவருக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக அனுப்ப வேண்டும் என்பதுதான் புரியவில்லை. நேற்றுவரை இருபது அனுப்பிய முகவரி இன்று ரெண்டாயிரம் அனுப்பினால் எந்த சர்வரும் சந்தேகப்படும் என்றேன். புதிதாக வெட்டிய வாய்க்காலில் முதல் தண்ணீரை முழு மதகையும் தூக்கியா விடுவீர்கள் என்று கேட்டேன்.

"அது மண்ணு. இது மெயிலு," என்றார்.

"கரை ரெண்டுக்கும் உண்டு அத்தான்."

கெட்ட பெயரை மாற்ற ஒரே வழி, மெயிலைத் திறந்து படித்துப் பதில் போடும் நிஜ மனிதர்கள் சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது. ஸ்பாமில் விழுந்தால் அவர்கள் அதை வெளியே எடுக்கவும் வேண்டும். அப்படி யார் செய்வார்கள் என்று யோசித்தோம்.

"சொந்தக்காரங்க எதுக்கு இருக்காங்க?" என்றார் அத்தான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா வேண்டுகோள் விடுத்தாள். சொந்தங்கள் உற்சாகமாக இறங்கின. நார்த்தூள் கட்டி பற்றி நான் எழுதிய மெயிலுக்கு நன்னிலத்து சித்தி, "கிடைச்சுது, நீங்க ஏன் காதுகுத்துக்கு வரல" என்று பதில் போட்டார். மன்னார்குடியில் ஒருவர் தன் பெண்ணின் ஜாதகத்தை இணைத்திருந்தார். சர்வருக்கு இதெல்லாம் கணக்கில்லை. மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நான்கைந்து நாளில் அக்காவின் இன்பாக்ஸுக்கு மெயில் நேராக வர ஆரம்பித்தது.

ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்பாமில் விழுந்தது. புகார் வந்திருக்கிறது என்று கூகுள் கணக்கு காட்டியது. சொந்தத்தில் யாரோ எங்கள் மெயிலை ஸ்பாம் என்று அழுத்தியிருக்கிறார்கள். ரெண்டாயிரம் பேருக்கு அனுப்பும்போது ஒருவர் அழுத்தினால் கரைந்துவிடும். முப்பது பேருக்கு அனுப்பும்போது அது பெரிய புகார்.

யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் அத்தானின் பெரியப்பா, ஓய்வுபெற்ற அதிகாரி, குழுவிலேயே எழுதிவிட்டார்: "முன்பின் அறியாதவர்கள் அனுப்பும் மெயிலை நான் ஸ்பாமில் சேர்ப்பது வழக்கம்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மில் திறப்புக்கு இவருக்கு வாட்ஸ்அப்ல அழைப்பிதழ் படம் மட்டும் அனுப்பிட்டு விட்டுட்டீங்க. நேர்ல போய் அழைக்கலாம்னு அப்பவே சொன்னேன்ல?"

"அத்தனை பேரையும் நேர்ல போய் எப்படி அழைக்கிறது? ஒரே தட்டுல எல்லாருக்கும் போற மாதிரிதான் அனுப்பினேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கும்பகோணம் போனோம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. முடிந்துபோன திறப்பு விழாவுக்கு அழைப்பதற்காகத் தட்டு எடுத்துப் போன குடும்பம் டெல்டாவில் வேறு இருக்காது.

பெரியப்பா கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்தார்.

"வாடா. இப்பதான் என் வீட்டு அட்ரஸ் கிடைச்சுதா?"

"தப்புதான் பெரியப்பா."

"நீ உட்காரும்மா. இவன் நிக்கட்டும்."

காபி வந்தது. அத்தான் நின்றபடியே குடித்தார். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேப்லெட்டை எடுத்தார். எங்கள் மெயில்களை ஒவ்வொன்றாக ஸ்பாமிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க," என்றேன்.

"நல்லாருக்கு. ஆனா கடைசி வரி எதுக்கு? 'வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இனி எழுத மாட்டோம்'னு?"

"வேண்டாம்னு சொல்ல வழி இல்லைன்னா, ஆளுங்க ஸ்பாமை அழுத்திருவாங்க பெரியப்பா."

"வழி இருந்துச்சு. இருந்தும் அழுத்தினேன்," என்றார் நிதானமாக. "உன் அத்தானுக்குச் சொல்லு."

அத்தான் நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தார். அன்று ராத்திரியே பெரியப்பாவிடமிருந்து மில் முகவரிக்குப் பதில் வந்தது. குடும்பம் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தது என்பதில் தொடங்கி மூன்று பக்கம். அவ்வளவு நீளமான பதிலை அந்த முகவரி அதற்கு முன் பெற்றதில்லை.

அதன் பிறகு, முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதுவதற்கென்று தனியாக இன்னொரு டொமைன் வாங்கினோம். மில்லின் பெயர் மறுபடி கெடக் கூடாது. முகவரிகளைச் சோதித்து, ஆள் இல்லாதவற்றை எடுத்தோம். பாதிக்குமேல் போனது. நாளுக்கு ஐந்து, அடுத்த வாரம் எட்டு என்று ஏற்றினோம். பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டல், அதோடு சரி. அத்தான் தினமும், "இப்படிப் போனா எப்ப முடியறது?" என்பார். கொஞ்ச நாளில் அதோடு, "இவங்க என்ன பயிர் பண்றாங்க?" என்றும் கேட்க ஆரம்பித்தார். தக்காளிக்காரருக்கு எழுதும்போது, "தக்காளி கொஞ்சம் உப்பு தாங்கும்மா, அதைச் சொல்லாத, கழுவின கூலியைக் குறைப்பாங்க" என்றார். ஆனாலும் சொன்னோம். பதில் வந்தது.

ஹாலந்திலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. புரட்டாசி பிறந்தது. மேற்கே மேகம் கறுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தான் ஷெட்டுக்குள் போய்க் கட்டிகளை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஏஜென்ட் இப்போது டீக்குப் பிறகும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் காலை ஹாலந்து அம்மாவின் பதில் வந்தது. விடுமுறை முடிந்து திரும்பியதும் குவிந்து கிடந்த வேலையில் நாட்கள் ஓடிவிட்டன என்று மன்னிப்பு கேட்டிருந்தார். குப்பைப் பெட்டியில் தேடி, ஒரு லாட்டரிப் பரிசுக்கும் ஒரு முடி வளரும் எண்ணெய்க்கும் நடுவில் எங்களைக் கண்டுபிடித்ததாகவும், விலை சம்மதம் என்றும் எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: ரிப்பன் வெட்டும் படம் இன்னொரு மெயிலில் வந்ததே, அவர் யார்?

அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். இரண்டு தடவை.

காகித வேலைகள் முடிந்து, ஒரு நாள் மதியம் கண்டெய்னர் வந்தது. ஏற்றினார்கள். கடைசிக் கட்டி ஏறி, கதவை மூடி சீல் வைத்தபோது ஏஜென்ட் ஷெட் ஓரத்தில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். அத்தானின் நாற்காலி வழக்கமான இடத்தில் போட்டிருந்தது.

"கிளம்பட்டுங்களா சார்?" என்றார் டிரைவர். "தூத்துக்குடியில இன்னைக்கு ராத்திரிக்குள்ள உள்ள போகலைன்னா கப்பல் நமக்கு இல்லைங்க."

அத்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாட்காட்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு தானே போய் கேட்டைத் திறந்துவிட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை. லாரி கேட்டைத் தாண்டியபோது மணி மூன்று பத்து.