பெயர் கேட்ட ரிக்கற்

மேசையில் மூன்று நுழைவு ரிக்கற்றுகள் இருந்தன. ஒன்று யாழ்ப்பாணத்து அச்சகத்தில் அடித்த மஞ்சள் கடதாசி, நடுவில் கிழிப்பதற்குத் துளை போட்டது. இரண்டாவது மணிக்கட்டில் சுற்றி ஒட்டும் நீலப் பட்டி. மூன்றாவது ஒரு போன் திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். மிஸ் கடதாசியைக் கிழித்துப் பார்த்தார். பட்டியைத் தண்ணீருக்குள் போட்டு எடுத்து இழுத்துப் பார்த்தார். போனை மட்டும் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்துபோயிருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன்.

வேலணையில் கடலோரமாக ஒரு பல்கலைக்கழகம் விளையாட்டுத் திடலும் அதை ஒட்டித் திறந்தவெளி அரங்கும் கட்டியிருந்தது. இரண்டுக்கும் பொறுப்பாக இருந்தவரைத்தான் நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். மடத்துவெளியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் கடல்பாலத்தைத் தாண்டி வருவார். வயது ஐம்பதுக்கு மேல். நான் நாட்கூலிக்கு வாசல் பார்த்தேன். ஊர் அனலைதீவு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, அதன்பிறகு என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முல்லைத்தீவில் மீன் காயவைத்தேன், மன்னாரில் வலை இழுத்தேன், மாத்தறையில் சொந்தக்காரரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். கடைசியாக வளைகுடா நாடொன்றில் ஒரு பெரிய மைதானத்தின் வாசலில் நான்கு வருடம் ரிக்கற் பார்த்தேன். அந்த நான்கு வருடத்துக்காகத்தான் மிஸ் என்னை வேலைக்கு எடுத்தார்.

அங்கே இருந்தபோது ஒருநாள் பந்தாட்டம் தொடங்கிய பிறகும் வெளியே சனம் நின்றது. உள்ளே கோல் விழுந்த சத்தம் கேட்டதும் பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். நான் இரும்புக் கம்பிக்கும் ஆட்களுக்கும் நடுவில் அகப்பட்டேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு மனிதனின் கால் நிலத்தில் படவில்லை. அவனை ஒருவரும் தூக்கவில்லை, நெரிசல்தான் தூக்கி வைத்திருந்தது. அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. ஒருவரும் சாகவில்லை. எனக்கு ஒரு விலா எலும்பு வெடித்தது, அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு சனம் கூடுகிற எந்த இடத்திலும் நான் முதலில் பார்ப்பது வெளியே போகும் வழியை. கோவில் திருவிழாவிலும் அப்படித்தான், கலியாண வீட்டிலும் அப்படித்தான்.

வேலணை அரங்கில் அறுநூறு கதிரை போடலாம். அதற்கு முந்திய கலைவிழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் உப்புத்தண்ணீர் வாய்க்கால், நடுவில் ஒடுங்கிய ஒரு பாதை, அதன் முடிவில் என் வாசல். அன்று முழுக்க நான் வியர்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் ரிக்கற் வேண்டும், ஒழுங்கான முறை ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று பேராசிரியர் ஒருவரின் தலைமையில் குழு போட்டார்கள். அந்த மூன்று ரிக்கற்றும் அப்படித்தான் மேசைக்கு வந்தன.

போன் ரிக்கற்றைக் காட்ட வந்த கொம்பனிக்காரர் நல்ல மாதிரி. எல்லாவற்றுக்கும் சிரித்தார். ரிக்கற் எடுப்பவர் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் போட்டால் போதும், சதுரம் போனுக்கு வந்துவிடும், வாசலில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பது அந்தந்த நிமிடமே தெரியும் என்றார். மிஸ் போனிலிருந்து கண்ணை எடுத்துக் கேட்டார்.

“இந்தப் பேரெல்லாம் எங்கை போய் இருக்கும்?”

“எங்கடை சேர்வரிலை மிஸ். பயப்பிடத் தேவையில்லை, பத்திரமா இருக்கும்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“அழிக்கச் சொல்லிக் கேட்டாத்தான் அழிப்பம்.”

“ஆரும் வந்து கேட்டா?”

அவர் அப்போதும் சிரித்தார். “சட்டப்படி கேட்டாக் குடுக்கத்தானே வேணும் மிஸ்.”

மிஸ் முன்னால் இருந்த பைலை மூடினார்.

குழு கூடுகிற அன்று காலை அவர் என்னைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூப்பிட்டார். பேராசிரியர் உம்மிடமும் கேட்பார், வாசலில் நின்ற அனுபவம் உமக்குத்தான் இருக்கிறது, கடதாசி ரிக்கற்றே போதும் என்று சொல்லும் என்றார். நான் ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் சொன்னார். சண்டையில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் அது, அவருக்குப் பத்தொன்பது வயது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் நிவாரண அரிசிக்கு ஆட்களின் பெயரைப் பதியச் சொன்னார்கள். வகுப்பறை வகுப்பறையாகப் போய் வீட்டுக்காரர் பெயர், பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் எழுதினார். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் அரிசி கிடைக்காது என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு தரம் கேட்டு எழுதினாராம். அரிசி வந்தது. மூன்று மாதம் கழித்து, துப்பாக்கியோடு வந்தவர்கள் எல்லோரையும் பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலில் வெயிலில் இருத்திப் பெயர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவரின் கையில் இருந்தது அவருடைய பட்டியல்.

“முன் வரிசையிலை இருந்தனான். தாளிலை என்ரை எழுத்துத் தெரிஞ்சுது. எழுதினது நான், வாசிச்சது வேறை ஆள்.” குழாயை இறுக்கிப் பூட்டிவிட்டு, “மூண்டு பேர் திரும்பி வரேல்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கடதாசி என்று சொல்லத்தான் உள்ளே போனேன். பேராசிரியர் என்னைப் பார்த்து, “நீர் சொல்லும், எது பாதுகாப்பு?” என்றார். ஜன்னலுக்கு வெளியே அந்த ஒடுங்கிய பாதை தெரிந்தது. கால் நிலத்தில் படாத அந்த மனிதனின் வாய் தெரிந்தது. கடதாசி ரிக்கற்றைக் கள்ளமாக அடிக்கலாம், எத்தனை பேர் உள்ளே என்று தெரியாது, எண்ணிக்கை தெரியாவிட்டால் ஒருநாள் சனம் நெரிபட்டுச் சாகும் என்று சொன்னேன். மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். போன் ரிக்கற் தெரிவானது. மிஸ் என்னைக் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

முதல் நிகழ்ச்சி மாணவர்களின் கூத்து, பின்னேரம் மூன்று மணிக்கு. அதில் எங்கள் அனலைதீவுப் பெட்டை ஒருத்தி ஆடுகிறாள் என்று ஊரே வரப் புறப்பட்டது. ஊரில் எந்தப் படிவத்தையும் நிரப்புபவர் கூட்டுறவுச் சங்கக்கடை அண்ணைதான். சண்டை நடந்தபோது தீவை விட்டுப் போக அனுமதிப் பாஸ் எடுத்த காலத்திலிருந்து அப்படி. அவருடைய பெயரில் ஒரு காலமும் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை, அதனால் பெயர் கேட்கிற இடத்தில் எல்லாம் அவருடைய பெயரைக் கொடுத்துவிட்டுச் சனம் பின்னால் நிற்கும். அவர் எனக்குப் போன் எடுத்தார். அறுபத்திரண்டு பேர், ஒவ்வொருவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்கிறது, பெண்டுகள் தர மாட்டோம் என்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டார்.

“உங்கடையை எல்லாப் பெட்டியிலையும் போடுங்கோ அண்ணை. ஒண்டும் செய்யாது,” என்றேன்.

வளைகுடாவில் ரிக்கற் பார்க்கிற மெசினில் எனக்குத் தெரிந்தது பச்சை வெளிச்சமும் சிவப்பு வெளிச்சமும்தான். ஒரு இலக்கம் ஒரு தரம் உள்ளே போனால் அதே இலக்கத்தை மெசின் மறுபடி விடாது என்பது எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

ஊர்காவற்றுறையில் வள்ளத்தால் இறங்கி இரண்டு பஸ்களில் வந்து சேர்ந்தார்கள். சங்கக்கடை அண்ணை முதலில் வந்தார், பச்சை எரிந்தது. அடுத்து அவருடைய மனைவி, சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. “என்ன அண்ணை, உங்களை மெசின் அறுபதாப் பிரிச்சுப் போட்டுதோ?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். “எனக்கு ஒரு மனிசியே காணும் எண்டு அதுக்குச் சொல்லு தம்பி,” என்று அண்ணை உள்ளேயிருந்து சொன்னார். அதற்குள் பாதை நிரம்பிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பஸ்ஸில் வந்தவர்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நான் மெசினைத் தட்டினேன், துடைத்தேன்.

அப்போது பாதுகாப்புக்கு நின்றவர் ஒரு கொப்பியை எடுத்தார். சிவப்பு எரிந்தவர்கள் எல்லோரும் அடையாள அட்டையை எடுங்கள், பெயரைப் பதிந்துவிட்டு விடுகிறேன் என்றார். உதவி செய்யத்தான் நினைத்திருப்பார். முன்னால் நின்ற பெண் திரும்பி, “இவை பேர் எழுதுகினம்,” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அது பாதை நெடுகப் போனதை நான் பார்த்தேன். முன்னால் நின்றவர்கள் பின்னுக்குத் திரும்பினார்கள். பின்னால் நின்றவர்கள் விசயம் தெரியாமல் முன்னுக்கு வந்தார்கள். நான் வாசல் கம்பியோடு ஒட்டிப்போனேன். பழைய விலாவில் கம்பி அழுத்தியது. மூச்சு உள்ளே போகவில்லை. என் பயமும் மிஸ்ஸின் பயமும் ஒன்றாகச் சேர்ந்து அந்தப் பாதையில் வந்துகொண்டிருந்தன. இரண்டையும் கூட்டிவந்தவன் நான்.

மிஸ் எப்போது வந்தார் என்று தெரியாது. மதிலில் இருந்த, சாமான் வண்டிகள் வரும் பக்கக் கேற்றின் பூட்டை உடைக்கச் சொல்லித் திறந்துவிட்டிருந்தார். நெரிசல் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் இளகியது. கொப்பியைப் பறித்துக்கொண்டு ஒரு கதிரையில் ஏறி நின்றார்.

“ஒருத்தற்றை பேரும் எழுதேல்லை. ஒருத்தரும் எழுதமாட்டினம். ஆளுக்கு ஒரு கதிரை எடுத்துக்கொண்டு மெதுவா உள்ளுக்குப் போங்கோ. கதிரை முடிஞ்சா இடம் முடிஞ்சுது.”

கதிரைகள் பக்கக் கேற்றுக்கு அருகில்தான் அடுக்கிக் கிடந்தன. கதிரை தூக்கிய ஆள் அடுத்தவரை நெருக்க முடியாது, வேகமாக நடக்கவும் ஏலாது. கால் மணித்தியாலத்தில் பாதை வெளித்துவிட்டது. கடைசிக் கதிரைக்குப் பிறகு நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு மதிலோரம் இருந்தார்கள். ஒரு கிழவருக்குக் கை முறிந்திருந்தது. கூத்து நடந்தது.

அது அதோடு முடியவில்லை. என்ன நடந்தது என்று மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டார்கள். அறிக்கையோடு கொம்பனியின் பட்டியலும் போனது. பட்டியலில் ஒரே பெயர், ஒரே இலக்கம் அறுபத்திரண்டு தரம் இருந்தது. பத்தாம் நாள் அனலைதீவுச் சங்கக்கடைக்குச் சிவில் உடுப்பில் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் தன்மையாகக் கதைத்தார், மற்றவர் எழுதினார். அறுபத்திரண்டு பேரை ஏன் கொண்டுபோனீர், அவர்கள் ஆர் ஆர், ஆர் சொல்லிக் கொண்டுபோனீர் என்று கேட்டார்கள். நாளைக்கு மறுபடி வருவோம், பெயர்களை எழுதி வையும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணை எனக்குப் போன் எடுத்தபோது குரல் வேறு ஆளுடையதாக இருந்தது. “நீ சொல்லித்தான் போட்டனான் எண்டு நான் சொல்லேல்லை தம்பி,” என்றார். நான் மிஸ்ஸிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணைக்கு நான் சொல்லிக்கொடுத்ததை மட்டும் விட்டுவிட்டு.

அடுத்தநாள் காலை வள்ளத்தில் அவரும் நானும் போனோம். காற்றுக் கடுமை, எல்லோரும் நனைந்தோம். அந்த இருவரும் எங்களுக்கு முன்பே கடை வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணைக்கு முன்னால் வெறும் தாள் ஒன்று இருந்தது, பேனை மூடிகூடத் திறக்கப்படவில்லை. அவருடைய சேட் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மிஸ் தாளை எடுத்தார். ரிக்கற்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கத்தைப் போடச் சொன்னது அரங்கப் பொறுப்பாளராகிய நான், இவருக்கு இதில் பொறுப்பு இல்லை, உடன் வந்தவர்களின் பெயர் எவையும் என்னிடம் இல்லை என்று நின்றபடியே எழுதினார். கீழே தன் முழுப் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். அரங்கத்துக் கடிதங்களில் இரண்டு எழுத்து மட்டும் கிறுக்கி விடுகிறவர் அவர். அவருடைய முழுப் பெயரை அன்றுதான் நான் பார்த்தேன். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தன.

தன்மையாகக் கதைத்தவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீர் ஆர்?”

“என்னோடை பை தூக்க வந்தவர்,” என்றார் மிஸ்.

நான் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது வள்ளத்தில் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஊர்காவற்றுறை தெரியத் தொடங்கிய பிறகு, “நீர்தானே சொன்னனீர்?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

சங்கக்கடைக்கு அவர்கள் மறுபடி வரவில்லை. மடத்துவெளிக்கு இரண்டு தரம் போனதாகக் கேள்விப்பட்டேன். மிஸ் காலத்துக்கு முன்பே ஓய்வு எடுத்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை என்று சனம் சொல்கிறது. வீட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போனால் அவர் விளக்கை அணைத்துவிடுவார் என்றும் அதே சனம் சொல்கிறது. நான் வேலணையை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது, இப்போது இருப்பது வேறு ஊர், வேறு வேலை. அவரைப் போய்ப் பார்க்க மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்று முறையும் பாதி வழியில் அல்லைப்பிட்டிச் சந்தியில் இறங்கித் திரும்பிவிட்டேன். இதை எழுதும்போதும் அவருடைய பெயரை எழுதவில்லை. அவருக்காகத்தான் எழுதவில்லை என்று சொல்லலாம். ஆனால் என்னுடைய பெயரையும் நான் எங்கேயும் எழுதவில்லை.