பட்டாளத்து மேட்டுத் தண்ணீர்

பூனாகலைக்கு அப்பால் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அதன் மேட்டில் இடிந்து கிடக்கும் பட்டாள முகாமில் நின்று இப்போது பலரும் படம் எடுக்கிறார்கள். நான் 1978 தை மாதம் போனது காட்சி பார்க்க அல்ல. அங்கே வாழ்க்கைப்பட்ட என் அக்கா அமலியின் மூத்த பையன் வயிற்றுவலியில் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இளையவள் பிலோமினாவுக்கும் அதே வயிற்றுவலி என்று ஆள் வந்து சொன்னார்.

பதுளையில் காலை ஆறரை பஸ். பண்டாரவளைக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து பூனாகலை பஸ், பிறகு மூன்று மைல் ஏற்றம். கட்டணத்தைக் கேட்காதீர்கள், மறந்துவிட்டது.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அக்கா தந்த தேநீரில் மண்ணெண்ணெய் வாடை.

“பயப்படாத தம்பி. தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயா சொன்ன மாதிரி பாதியா வத்துற வரைக்கும் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.”

அவள் கணவர் அந்தோனி மச்சான் என்னைப் பீலிக்குக் கூட்டிப்போனார். மேட்டு ஊற்று மூங்கில் வழியே விழும் இடம். லயம் முழுக்கக் குடிப்பது அதைத்தான். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கியது.

“யுத்தம் முடிஞ்சு போறப்ப வெள்ளைக்காரப் பட்டாளம் மிச்ச எண்ணெய், மருந்து எல்லாத்தையும் பீப்பாயோட இந்த மேட்டுலயே பொதச்சிட்டுப் போச்சுங்க. குழி வெட்டினதே எங்கப்பாருதான். மாடுகூட இதுல வாய் வைக்காது.”

“வேற தண்ணி இல்லையா?”

“இன்னொரு ஊத்து இருக்கு, அது தொரை பங்களாவுக்குப் போகுது. கேட்டோம். காய்ச்சிக் குடிங்கன்னுட்டாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், விஷம் சாகுமா? தண்ணீர்தான் ஆவியாகும், விஷம் அடியில் தங்கும். அக்காவிடம் சொன்னேன்.

“அப்ப எம்புள்ளய நானா கொன்னேன்?” என்றாள்.

பிலோமினாவைப் பதுளைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்கிறேன் என்றேன். சம்மதித்தாள்.

பஸ் நிற்கும் இடம்வரை வந்து ஒரு போத்தலை நீட்டினாள். “வழியில கண்ட தண்ணியும் குடுத்துடாத தம்பி. இது நல்லாக் காய்ச்சினது.”

வாங்கிக்கொண்டேன். வளைவு தாண்டியதும் ஜன்னல் வழியே கொட்டினேன். பிலோமினா பிழைத்துக்கொண்டாள்.

போகிறவர்கள் குடிதண்ணீரைப் பண்டாரவளையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காலையில் போனால் பனிமூட்டம் இருக்காது. முகாமில் நின்று படம் எடுக்கும்போது கொஞ்சம் கீழேயும் பாருங்கள். லயத்துக் கூரைகளில் புகை தெரியும். தண்ணீர் காய்ச்சுகிறார்கள்.