ஒரே சிடியோடு கலைந்த கொரியாப் பையன்கள்

பெரிய பேரன் சுரேஷ் புனேயில் இன்ஜினீயர். அடுத்தவள் மாலா துபாயில் நர்ஸ். கடைக்குட்டி கவிதா மண்ணூர் பக்கம் கொரியாக் கம்பெனியில் சூப்பர்வைசராக்கும்!

இன்று ஷிப்டு முடிந்து வந்தவள், சுவரிலிருந்த போஸ்டரை அழுதுகொண்டே கிழித்தாள். கண்ணுக்கு மை தீட்டிய ஐந்து கொரியாப் பாட்டுக்காரப் பையன்கள்.

“குரூப்பையே கலைச்சிட்டாங்களாம் ஆயா! ஒரே சிடிதான் போட்டாங்க.”

“இதுக்கா அழுவுற? நம்மூரு பேண்டு செட்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் சட்டையப் புடிச்சிக்கினு சண்ட போடுது. மறுநா முகூர்த்தத்துக்கு ஒண்ணா நின்னு ஊதல?”

“நம்ம வூட்ல மட்டும் இன்னா வாழுதாம்? அண்ணனும் அக்காவும் பேசியே ரெண்டு வருசமாவுது!”

அவள் போனிலேயே இருவருக்கும் சேர்த்து ஒரு சேதி அனுப்பச் சொன்னேன்:

சுரேஷ், மாலா, சுவர் காலியாக இருக்கிறது. பொங்கலுக்கு வந்து, இருவரும் சேர்ந்து நின்று புதுப் படம் எடுத்து இங்கே போடுங்கள். மை தீட்டாவிட்டாலும் பரவாயில்லை.