நைனா கேட்ட தலைகள்

நைனா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வந்திருக்கும் சொந்தங்களுக்கு அவருடைய மூத்த மகளின் வணக்கம். நினைவு மலரில் நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அம்மா சொன்னார். நைனாவைப் பற்றி எழுத நல்லது நிறைய இருக்கிறது. உங்களைப் பற்றியும் எழுத வேண்டியிருப்பதுதான் சங்கடம். சாப்பாட்டை முடித்துவிட்டுப் படியுங்கள்.

நைனா பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருத்தணிக்கு வந்து, மலையடிவாரத்தில் மொட்டை அடிக்கும் கடையில் வேலைக்கு நின்றார். பின்னாளில் அதே கடையைத் தாமே எடுத்து நடத்தினார். ஆடிக் கிருத்திகைக்குக் கடை வாசலில் நிற்க இடமிருக்காது. முதல் மொட்டைக்கு வந்த குழந்தை அழுதால், ஆந்திராவிலிருந்து வந்ததைத் தெலுங்கிலும் நம்மூர்க் குழந்தையைத் தமிழிலும் கொஞ்சிக்கொண்டே மழித்துவிடுவார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு முதல் மொட்டை அடித்தவர் அவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் வலது கை நடுங்கத் தொடங்கியது. குடிக்கிறார் என்று பேசினீர்கள். நைனா கள்ளை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. பார்க்கின்சன் நோய் என்று சென்னையில் சொன்னார்கள். கடை சித்தப்பா கைக்குப் போனது. போகப் போக உடம்பே இறுகி, வாசலைத் தாண்டக் கால் எழாமல் அப்படியே நின்றுவிடுவார். அம்மாதான் சோறு ஊட்டினார்.

சில ஆண்டுகள் கழித்து, ஓர் அறக்கட்டளையின் உதவியால் மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. மண்டையில் துளையிட்டு மூளைக்குள் மெல்லிய கம்பி வைப்பார்கள். மார்புத் தோலுக்கடியில் ஒரு பேட்டரி வைத்து, அதைக் கழுத்து வழியாகக் கம்பியோடு சேர்ப்பார்கள். அதற்கு முன் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் நைனாவின் தலையை மழித்தார். "தண்ணி பத்தல தம்பி. முடி ஊறட்டும், அவசரப்படாத" என்று கைகால் நடுங்க நடுங்கச் சொல்லிக்கொண்டிருந்தார் நைனா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பேட்டரியை முடுக்கி அளவு சரிசெய்த பிறகு கை நடுக்கம் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் காபி டம்ளரைத் தாமே பிடித்துக் குடித்தார். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதார். டம்ளரைக் கீழே வைத்த நைனா, "என் கத்தி எங்க வெச்சிகினு கீற?" என்று கேட்டார்.

சித்தப்பா கடையில் ஒரு நாற்காலி கொடுத்தார். அதில் உட்கார ஆள்தான் வரவில்லை. மழித்த தலையில் கம்பி வைத்த இடங்கள் புடைத்துத் தெரிந்தன. பார்த்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். ஊருக்கே மொட்டை அடித்தவர், அந்தப் புடைப்பை மறைக்க முடி வளர்த்துத் துண்டும் கட்டிக்கொண்டார். நீங்கள் அவருக்குப் 'பேட்டரி மாமா' என்று பெயர் வைத்தீர்கள். அது மின்வெட்டுக் காலம் வேறு.

"அவராண்ட வேணாங்க. கரண்டுல ஓடிகினு கீறாரு. நடுவுல கரண்டு போச்சுன்னா கத்தி கழுத்துல எறங்கிடும்" என்று சித்தப்பா வருகிறவர்களிடம் சொல்வார்.

"இது வீட்டு கரண்டு இல்லடா, பேட்டரி உள்ளயே கீது" என்பார் நைனா. எல்லோரும் சிரிப்பீர்கள்.

சித்தப்பாவின் பேரனுக்கு முதல் மொட்டை வந்தது. "கொழந்தைய என்னாண்ட குடுடா. உன்னையே தூக்கி வளத்தவன்டா நான்" என்று கேட்டார். "ஆங், பாக்கலாம்ணா" என்ற சித்தப்பா, குழந்தையை வேறு கடைக்குத் தூக்கிப் போனார். நைனா அன்று சாப்பிடவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் ஏறினேன். கரண்டு போகட்டும் என்று கடையில் காத்திருந்தேன். மதியம் கரண்டு போய் ஃபேன் நின்றதும் நைனாவின் நாற்காலியில் உட்கார்ந்து சடையை அவிழ்த்தேன்.

"உன் மாமியார் என்னாம்மா சொல்வாங்க?"

"நீங்க அடிங்க நைனா."

அடித்தார். ஒரு கீறல் இல்லை. சித்தப்பாவும் பார்த்தார், கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நைனா கத்தியைத் துடைத்துக்கொண்டு, பழைய மாதிரியே கணீரென்று கேட்டார். "அடுத்தது யாருங்க?"

கரண்டு வந்தது, ஃபேன் சுற்றியது. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சித்தப்பாவின் நாற்காலிக்குப் போனார்கள். மாமியார் வீட்டில் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

அதன் பிறகும் நைனா தினமும் காலையில் கத்தியைத் தீட்டி வைத்தார். நடுங்காத அந்தக் கை, பேட்டரி தீரும்வரை சும்மாவே இருந்தது. அது தீர்ந்ததும் நடுக்கம் திரும்பியது. புது பேட்டரிக்குக் காத்திருந்த நாட்களில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டும். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அறக்கட்டளைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. உங்களுக்கும் நன்றி. பத்தாம் நாள் காரியத்தில் சித்தப்பா முதல் பங்காளிகள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து நைனாவுக்காக மொட்டை போட்டுக்கொண்டீர்கள். கத்தி பிடித்தவர் தொழிலுக்குப் புதியவர். சித்தப்பாவின் காதோரம் ரத்தம் வழிந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்தத் தலைகளில் ஒன்றைத்தான் நைனா உயிரோடு இருந்தபோது உங்களிடம் கேட்டார்.