சிறுவாணி ஐஸ்

ஐஸ் தானாகவே விழும் ஃபிரிட்ஜ் ஒன்று எங்கள் ஆர்.எஸ்.புரத்து வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்து நிறுத்திய கம்பெனி ஆள், பின்பக்கம் பென்சில் தடிமனில் ஒரு வெள்ளை டியூபைத் தொங்கவிட்டு, "தண்ணி லைன்ல கோக்கறது எங்க வேலை இல்லீங்க" என்று கிளம்பிவிட்டார். பிளம்பரோ, "நாளைக்கு வாரேனுங்க" என்று மரியாதையாகச் சொல்வதில் கெட்டிக்காரர். அந்த நாளைதான் வரவே இல்லை.

"நானே கோத்துடறேனுங்க" என்றேன் கணவரிடம். பம்ப்செட் பட்டறை நடத்துகிறவர் அவர். நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனிதர், பிளாஸ்டிக் பைப்பில் நான் கைவைப்பதற்குப் பயந்தார். "ஒழுகுச்சுன்னா கபோர்டு பூரா ஊறிப் போயிரும் அம்மணி. உன்னால ஆகாது." அந்த 'ஆகாது'தான் என்னைக் கிளப்பிவிட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தால் கை சும்மா இருக்காது.

எங்கள் ஊர்ச் சமையலறைக்கு இரண்டு லைன் வரும். குடிக்கச் சிறுவாணி அணைத் தண்ணி, கழுவ உப்பான போர் தண்ணி. சிங்கில் வலதுபக்கக் குழாய் சிறுவாணி. மொட்டை மாடிக்குப் போய் இரண்டு டேங்க் வால்வுகளையும் மூடிவிட்டு, சிங்குக்குக் கீழே வலதுபக்கப் பைப்பை நேராக அறுத்தேன். பிசிறைத் தேய்த்துப் பசை தடவி, மூன்று வாய் உள்ள டீ ஜாயிண்டைச் சொருகி, ஒரு சின்ன வால்வு வைத்து டியூபை மாட்டினேன். பசை காய்ந்தபின் தண்ணீரைத் திறந்தால் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மறுநாள் காலை ஐஸ் கடகடவென்று விழுந்தது. அழகு பார்த்தேனே தவிர, வாயில் போட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்கே பல்லடத்திலிருந்து நங்கையா, அதாவது கணவரின் அக்கா, தன் வீட்டுக்காரரோடு வந்தார். "ஐஸுக்கு லைன் நாமளே குடுத்துட்டோமுங்க்கா" என்றார் கணவர். நாமளாம்! ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட எடுத்துத் தராதவர்.

எலுமிச்சை ஜூஸில் ஐஸ் மிதக்கவிட்டுக் கொடுத்தேன். "உப்புப் போட்டியா கண்ணு? நல்லாத்தான் இருக்குது" என்று நங்கையா மிச்சம் வைக்காமல் குடித்தார். அவர் வீட்டுக்காரரும் குடித்தார். வந்த இடத்தில் முகம் சுளிக்காதது எங்கள் பக்கத்து வழக்கம். நான் போட்டது சர்க்கரை மட்டும்தான். ஒரு கட்டியை எடுத்துக் கடித்தேன். "போர் தண்ணி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அது இவ பண்ணுன வேலைங்க்கா" என்றார் கணவர், மூச்சுவிடாமல்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிங்குக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். இரண்டு பைப்பும் சுவரோரமாக ஒன்றையொன்று தாண்டி இடம் மாறி மேலே ஏறியிருந்தன. கீழே வலதில் இருந்தது உப்பு லைன். வீடு கட்டியபோது வந்த பிளம்பரின் கைங்கரியம். எல்லோரும் பார்க்கவே மறுபடி வால்வுகளை மூடி, வலது லைனின் டீ வாயை அடைத்து, இடது பைப்பை அறுத்து டியூபை அதில் மாட்டினேன். நல்லவேளை, ஜாயிண்ட் ஒன்று உபரியாக வாங்கியிருந்தேன். உப்புக் கட்டிகளை வாசல் செடிக்குக்கூடப் போடாமல் சாக்கடையில் கொட்டினேன்.

சாயங்காலம் புதுக் கட்டி விழுந்தது. நங்கையா ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "சிறுவாணியேதான்" என்று கண்ணை மூடினார். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, இதை யாரு பண்ணுனது?"

ஜெயித்த பெருமை எனக்கு முகமெல்லாம் வழிந்தது. மறைக்கவும் இல்லை. ஆனாலும் கணவர் வாயிலிருந்து அது வர வேண்டுமே என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ரெண்டு தடவையும் இவதானுங்க்கா" என்றார். "நான் ஆகாதுன்னு சொல்லிப்போட்டு உக்காந்திருந்தேன்."