அம்மா பாதியில் நிறுத்திய ஜெபம்

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் என் மகள் பரமண்டல ஜெபம் சொன்னாள். பசி அவசரத்தில், பிறரை மன்னிப்பது பற்றிய வரியை விழுங்கிவிட்டாள். அந்த வரியைத் தாண்ட முடியாமல் என் அம்மா ஒருநாள் நின்றது நினைவுக்கு வந்தது; அதை அவளிடம் சொன்னேன்.

அப்போது மலையகத்தில் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், இருந்தோம். கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா, விரலில் தேயிலைக் கறையோடு, எங்களைச் சாக்கில் முழங்காலில் நிற்க வைத்து ஜெபம் சொல்லித் தருவார். அன்று காலை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவருக்கும் பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவுக்கும் பெரிய சண்டை.

மாலை ஜெபத்தில் அந்த வரி வந்ததும் அம்மாவின் குரல் நின்றுவிட்டது.

"என்னாம்மா, மறந்துட்டியா?" என்றான் தம்பி.

"மறக்கல. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் குடுக்க முடியல. அப்படியே இருங்க, வந்துர்றேன்."

சுவருக்கு அப்பால் அவர் குரல் கேட்டது. "மாரியாயி, காலையில நான் பேசுனது தப்பு. நீ பேசுனதையும் மனசுல வச்சுக்கல."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னார்: "உள்ள வா, தேத்தண்ணி குடி."

"பிள்ளைக முழங்கால்ல நிக்குதுக" என்று சொல்லித் திரும்பி வந்த அம்மா, நிறுத்திய இடத்திலிருந்தே ஜெபத்தைத் தொடர்ந்தார்.

சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்த மகள், "பக்கத்து வீட்டவங்க பதிலே பேசாம இருந்திருந்தா?" என்றாள்.

"எங்கம்மா அங்கயே நின்னிருப்பாங்க. நாங்களும் முழங்கால்லயே இருந்திருப்போம்" என்றேன்.